விடிய விடிய ஒரு வேஷம்: புரிசை சம்பந்தனும் தெருக்கூத்தோட ராத்திரியும்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிஞ்ச அளவு அப்படியே விட்டிருக்கோம்.)

2025 ஜனவரி கடைசியில பத்ம விருதுப் பட்டியல் வந்தது ஞாபகம் இருக்கா? அன்னைக்கு நம்ம ஃபோன்ல ரெண்டே பேர்தான் ஓடினாங்க. அஜித்துக்குப் பத்ம பூஷண், அஷ்வினுக்குப் பத்மஸ்ரீ. அதே பட்டியல்ல, அஷ்வின் இருந்த அதே பத்மஸ்ரீ வரிசையில, இன்னொரு தமிழ்ப் பேரும் இருந்தது. புரிசை கண்ணப்ப சம்பந்தன். தெருக்கூத்துக் கலைஞர். பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கும் அதே வருஷம்தான் பத்மஸ்ரீ. இவங்க ரெண்டு பேரையும் பத்தி நம்ம டைம்லைன்ல எத்தனை மீம் வந்ததுன்னு எண்ணிப் பார்க்கவே வேணாம்.

இந்த எபிசோட் சம்பந்தனைப் பத்தி. விருது வாங்கினவர்ங்கிற கதை எல்லா பேப்பர்லயும் வந்தாச்சு, அதை நாம திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. அவரோட வேலை எப்படி நடக்குதுன்னு பார்ப்போம். ராத்திரி பத்து மணி வாக்குல ஆரம்பிச்சு விடியற வரைக்கும் பாடி, ஆடி, வசனம் பேசி ஒரு ஊரையே தூங்க விடாம வைக்கிறாங்கன்னா, அதுக்குள்ள என்ன நுட்பம் இருக்கு? அதுக்கு ஏன் ஒரு முழு ராத்திரி தேவைப்படுது? அந்த ராத்திரி அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மாதிரி இடத்துல ஏன் கிடைக்க மாட்டேங்குது?

புரிசை

நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு வழி ஈசி. பூந்தமல்லியில காஞ்சிபுரம் பஸ் ஏறி, அங்க இறங்கி, செய்யாறு, வந்தவாசி பக்கம் போகணும். புரிசை திருவண்ணாமலை மாவட்டத்துல, செய்யாறு வட்டாரத்துல இருக்கிற கிராமம். பழைய வட ஆற்காடு. கூத்துக்காரங்க நிறைய இருக்கிற மண்ணு அது. நம்ம பக்கத்து ஃபேக்டரிகள்ல வேலை பார்க்கிறவங்கள்ல எத்தனையோ பேருக்குச் சொந்த ஊரும் அந்தப் பக்கம்தான். உங்க வீட்டுல தாத்தா, பாட்டிகிட்ட கேட்டுப் பாருங்க, கூத்து பார்த்த கதை ஒண்ணாவது வரும்.

சம்பந்தனோட அப்பா கண்ணப்பத் தம்பிரான். அவரோட அப்பா துரைசாமித் தம்பிரான். குழுவோட பேர்லயே இந்த வரிசை இருக்கு: புரிசை துரைசாமி கண்ணப்பத் தம்பிரான் பரம்பரைத் தெருக்கூத்து மன்றம். பேர் நீளமா இருக்கேன்னு சிரிக்காதீங்க. கூத்துல நீங்க யார்கிட்ட கத்துக்கிட்டீங்கங்கிறதுதான் உங்க சர்ட்டிஃபிகேட். சிலபஸ் கிடையாது, பரீட்சை கிடையாது. வாத்தியார் பின்னாடி நின்னு பின்பாட்டுப் பாடி, சின்ன வேஷம் கட்டி, வருஷக்கணக்கா முழிச்சு முழிச்சு கத்துக்கிறதுதான். வாத்தியார்னா ஸ்கூல் வாத்தியார் இல்ல. பாட்டு கட்டுறவர், ஆட்டம் சொல்லிக் கொடுக்கிறவர், குழுவை மேய்க்கிறவர், எல்லாம் அவரே.

பழைய நாடகப் புத்தகங்களும் உண்டு. சென்னையில ரத்தின நாயக்கர் அண்ட் சன்ஸ் மாதிரி பதிப்பகங்கள் மலிவு விலையில கூத்துப் பிரதிகளை அச்சடிச்சு வித்தாங்க. ஆனா புத்தகத்தை மனப்பாடம் பண்ணிட்டுக் களத்துல இறங்கினா ஒரு மணி நேரத்துல மாட்டிக்குவீங்க. ஏன்னு சொல்றேன்.

ஒரு ராத்திரியோட உள்கட்டமைப்பு

கூத்து ஆடுற இடத்துக்குப் பேர் களரி. கோயில் எதிர்லயோ ஊர்ப் பொதுவிலோ ஒரு வெட்டவெளி. மூணு பக்கமும் ஜனம் உட்கார்ந்திருக்கும். பின்னாடி பெஞ்ச் போட்டு வாத்தியக்காரங்க: பெட்டின்னு அவங்க சொல்ற ஹார்மோனியம், மிருதங்கம், டோலக், தாளம், அப்புறம் முகவீணை. முகவீணைன்னா வீணை இல்ல. நாதஸ்வரத்தோட குட்டித் தம்பி மாதிரி ஊதுற கருவி, சத்தம் மட்டும் அண்ணனுக்குச் சளைச்சதில்ல. ராத்திரியில ரொம்பத் தூரத்துக்குக் கேட்கும்.

குழு சாயந்திரமே ஊருக்கு வந்துடும். மேக்கப் ஆர்ட்டிஸ்ட்னு தனி ஆள் கிடையாது. அவங்கவங்க முகத்தை அவங்கவங்களே கையில கண்ணாடி வெச்சுக்கிட்டு எழுதுவாங்க. கிருஷ்ணனுக்குப் பச்சை, துரியோதனனுக்குச் சிவப்புன்னு பொதுவா ஒரு கணக்கு இருக்கு, குழுவுக்குக் குழு கொஞ்சம் மாறும். பெரிய வேஷங்களுக்குக் கட்டை உண்டு. கட்டைன்னா மர ஆபரணம். தலையில கிரீடம், தோள்ல புஜகீர்த்தி, நெஞ்சுல மார்புப் பதக்கம். எல்லாம் கல்யாண முருங்கை மாதிரி எடை குறைஞ்ச மரத்துல செதுக்கி, வண்ணம் பூசி, கண்ணாடித் துண்டு பதிச்சது. வெளிச்சம் பட்டா அந்தக் கண்ணாடி ஜொலிக்கும். எல்.இ.டி. இல்லாத காலத்து ஸ்பெஷல் எஃபெக்ட்னு வெச்சுக்கோங்க. எடை குறைஞ்ச மரம்னாலும் அதை மாட்டிக்கிட்டு ராத்திரி பூரா கிறுக்கி போடணும். கிறுக்கின்னா நின்ன இடத்துல சரசரன்னு சுத்துற ஆட்டம். ஜிம் போறவங்க ஒரு பத்து சுத்து முயற்சி பண்ணிப் பாருங்க. அப்புறம் அதே மூச்சுல உச்சக் குரல்ல ஒரு விருத்தம் பாடுங்க.

மேளக்கட்டோட ஆரம்பம். கடவுள் வாழ்த்து. அப்புறம் கட்டியக்காரன் வருவான். கட்டியக்காரனைக் கோமாளின்னு மட்டும் நினைச்சா தப்பு. அவன்தான் அன்னைக்கு ராத்திரியோட ஆங்கர், காவலாளி, தேரோட்டி, ராஜாவோட வேலைக்காரன், சில நேரம் ஜனங்களோட பிரதிநிதி. உள்ளூர்ல ரோடு சரியில்லைன்னா அது ஹஸ்தினாபுரத்துக்குள்ள வந்துடும். தக்காளி விலையும் வரும்.

முக்கியமான வேஷம் வரும்போது ரெண்டு பேர் ஒரு துணியைப் பிடிச்சு நிப்பாங்க. அதுதான் திரை. துணிக்கு மேல கிரீடத்தோட உச்சி தெரியும், கீழ சலங்கை கட்டின கால் தெரியும். நடுவுல இருக்கிற ஆள் பாடிக்கிட்டே இருப்பார். ஒரு துரியோதனன் திரையில வர்றதுக்கே அரை மணி நேரம்கூட எடுத்துக்குவார். ரீல்ஸ்ல மூணு செகண்டுல ஸ்க்ரோல் பண்ற நமக்கு இது அநியாயமாத் தோணும். ஆனா அந்த அரை மணி நேரத்துலதான் ஒரு விஷயம் நடக்குது. நேத்து உங்க ஊர் டீக்கடையில நின்ன மனுஷன் கொஞ்சம் கொஞ்சமா மறைஞ்சு, அந்த இடத்துல ராஜா நிக்கிறான். திரை விலகினதும் கட்டியக்காரன் 'யாருப்பா நீ'ங்கிற மாதிரி வம்பு இழுப்பான். ராஜா தன்னோட பேரு, ஊரு, பரம்பரை, பெருமை எல்லாம் சொல்லியாகணும். ஜனங்களும் கேட்டுக்கிட்டே எடை போடுவாங்க, இவன் நல்ல துரியோதனனா, சுமாரான துரியோதனனான்னு.

புத்தகம் மட்டும் பத்தாதுன்னு சொன்னேன் இல்லையா, காரணம் இங்கதான் இருக்கு. கூத்துல எழுதப்பட்டது எலும்புக்கூடு. பாட்டுகள் இருக்கும், எந்தக் காட்சிக்கு அப்புறம் எந்தக் காட்சின்னு இருக்கும். ஆனா ஒரு பாட்டை ரெண்டு தடவை பாடணுமா ஆறு தடவையா, வசனம் எங்க நீளணும், கட்டியக்காரன் எங்க உள்ள நுழையணும், எல்லாத்தையும் களத்துலதான் முடிவு பண்றாங்க. ரெண்டு மணிக்கு ஜனங்க கண்ணு சொருகுதுன்னா கட்டியக்காரனை இறக்கணும். துக்கமான இடத்துல முன் வரிசையில பாட்டிங்க அழ ஆரம்பிச்சிட்டாங்கன்னா அந்த விருத்தத்தை இழுக்கணும். விடியறதுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு, கதை முடியப் போகுதுன்னா நீட்டணும். லேட்டா ஆரம்பிச்சா சுருக்கணும். பின்பாட்டுக்காரங்க கடைசி வரியை வாங்கித் திருப்பிப் பாடும்போது கிடைக்கிற அந்தச் சில நொடியில நடிகர் அடுத்தது என்னன்னு யோசிச்சிடுவார். ஜாஸ் கேட்கிறவங்களுக்கு இது சட்டுன்னு புரியும். கர்நாடக சங்கீதத்துல நிரவல் கேட்டவங்களுக்கும் புரியும்.

சம்பந்தன் மாதிரி ஒருத்தரோட திறமைன்னா என்னைப் பொறுத்தவரை முதல்ல இதுதான்: ஒரு ராத்திரியோட நேரத்தைக் கையில வெச்சிருக்கிறது. குரல், ஆட்டம் எல்லாம் அதுக்கு அப்புறம்.

ஏன் ராத்திரி?

பகல்ல வயல் வேலை, அதனால ராத்திரி கூத்துன்னு ஒரு பதில் சொல்லுவாங்க. அது சரிதான், ஆனா பாதிதான்.

கூத்தோட வேர் திரௌபதி அம்மன் கோயில். வட தமிழ்நாட்டுல ஊருக்கு ஊர் இருக்கும், சில இடத்துல தர்மராஜா கோயில்னு பேர். திருவிழா நாட்கள்ல மதியம் ஒருத்தர் உட்கார்ந்து பாரதக் கதை சொல்லுவார். ராத்திரி அந்தக் கதை கூத்தா நடக்கும். சுபத்திரை கல்யாணம், ராஜசூய யாகம், பகடை துயில், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர்னு வரிசையாப் போகும். அர்ச்சுனன் தபசு அன்னைக்கு உயரமான பனைமரத்தை நட்டு வெச்சு, அர்ச்சுனன் வேஷம் கட்டினவர் பாடிக்கிட்டே மேல ஏறுவார். அங்கிருந்து அவர் போடுற பழத்துக்காகக் குழந்தை வேண்டிக்கிட்ட பெண்கள் கீழ காத்திருப்பாங்க. கடைசி நாள் படுகளம். களிமண்ணுல துரியோதனனைப் பெரிய உருவமாப் படுக்க வெச்சிருப்பாங்க. அங்க கூத்தும் சடங்கும் ஒண்ணாயிடும். அன்னைக்கே சாயந்திரம் தீமிதி.

இப்ப பகடை துயிலை எடுத்துக்கோங்க. துச்சாதனன் பாஞ்சாலியோட சேலையை இழுக்கணும். நமக்கு அது ஒரு சீன். அங்க உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு பாஞ்சாலி அவங்க கோயில்ல இருக்கிற அம்மன். அதனால பல இடங்கள்ல அந்தக் கட்டத்துல ஆட்டம் நிக்கும். கற்பூரம் காட்டுவாங்க. துச்சாதனன் வேஷம் கட்டினவர் அம்மன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் கை வைப்பார். பெரும்பாலும் பாஞ்சாலி வேஷத்துல இருக்கிறதும் ஒரு ஆம்பளைதான், அது எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் அந்த நேரத்துல கும்பிடுவாங்க.

கர்ண மோட்சம் இன்னும் ஆச்சரியம். திருவிழாவுல மட்டும் அதை ஆடுறதில்ல. ஒரு வீட்டுல சாவு நடந்து, கருமாதி ராத்திரியில இந்தக் கூத்தை வைக்கிற வழக்கம் இருக்கு. கர்ணன் போருக்குப் போறதுக்கு முன்னாடி மனைவி பொன்னுருவிகிட்ட விடை கேட்கிறதும், களத்துல அவன் சாகிறதும் ராத்திரியோட பின்பாதியில வரும். செத்தவரோட குடும்பம் முன்னாடி உட்கார்ந்திருக்கும். அவங்க அழறது கர்ணனுக்காகவா, அப்பாவுக்காகவான்னு பிரிக்க முடியாது. பிரிக்கத் தேவையும் இல்ல. இதைச் சாயந்திரம் ஆறரைக்கு ஏ.சி. ஹால்ல, எழுவது நிமிஷத்துல செய்ய முடியுமா? செய்யலாம், நல்லாவும் இருக்கும். ஆனா முழிச்சிருந்து களைச்ச உடம்புல வர்ற அழுகை அங்க வராது.

சென்னையும் பாரிஸும்

சென்னைக்கும் புரிசைக்குமான உறவு புதுசு இல்ல. எழுத்தாளர் ந. முத்துசாமி, தஞ்சாவூர்ப் பக்கம் புஞ்சையில பிறந்தவர், கண்ணப்பத் தம்பிரானோட கூத்தைப் பார்த்து அசந்து போனார். தமிழ்ல நவீன நாடகம் வரணும்னா வெளிநாட்டைப் பார்க்கிறதுக்கு முன்னாடி இதைப் பார்க்கணும்ங்கிறது அவரோட முடிவு. 1977-ல அவர் தொடங்கின குழுவுக்குப் பேரே கூத்துப்பட்டறை. கண்ணப்பத் தம்பிரான் அங்க வந்து பயிற்சி கொடுத்தார். கூத்தைப் பத்தி முத்துசாமி எழுதின கட்டுரைகள் 'அன்று பூட்டிய வண்டி'ங்கிற தொகுப்பா வந்திருக்கு. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம், விமல்னு நீங்க திரையில பார்க்கிற பலர் அந்தப் பட்டறையில இருந்து வந்தவங்க. விஜய் சேதுபதி அங்க கணக்குப் பார்க்கிற வேலையில சேர்ந்து நடிப்பைக் கவனிச்சவர்ங்கிறது தெரிஞ்ச கதைதான். 'என்ன நடிப்புடா'ன்னு நாம ஒரு சினிமா நடிகரைப் பாராட்டும்போது, அதுல கொஞ்சம் செய்யாறு மண்ணும் ஒட்டியிருக்க வாய்ப்பு இருக்கு.

புரிசைக்காரங்களும் சும்மா பழைய கதையை மட்டும் ஆடிட்டு இருக்கல. காப்ரியேல் கார்சியா மார்க்கேஸோட ஒரு சிறுகதை, பெரிய சிறகுகளோட ஒரு கிழவர் வானத்துல இருந்து விழுவாரே, அதைக் கூத்தா ஆடியிருக்காங்க. யோசிச்சுப் பார்த்தா பொருத்தமான கதைதான். ஊருக்குள்ள ஒரு அதிசயம் வந்து விழுது, ஊர் அதை வெச்சு வேடிக்கை பார்க்குது, காசு பண்ணுது, அப்புறம் சலிச்சுப் போகுது. அது ஒரு கட்டியக்காரனுக்கு அல்வா மாதிரியான கதை.

அப்புறம் பாரிஸ். ஆரியான் முனூஷ்கின் உலக நாடகத்துல ரொம்பப் பெரிய பேர், 1964-ல 'தியேத்ர் து சொலெய்' குழுவைத் தொடங்கினவர்கள்ல முக்கியமானவர். 2015 நவம்பர்ல பாரிஸ்ல தீவிரவாதத் தாக்குதல் நடந்தது. அது நடந்து கொஞ்ச நாள்ல அந்தக் குழு புதுச்சேரியில வந்து தங்கி வேலை பார்த்தது. அவங்களுக்குக் கூத்துப் பயிற்சி கொடுத்தவர் சம்பந்தன். 2016 நவம்பர்ல பாரிஸ்ல அரங்கேறின 'இந்தியாவில் ஓர் அறை' நாடகத்துக்குள்ள பாஞ்சாலி துயில் காட்சியும் கர்ணன் சாவும் கூத்தாவே வந்தது. பல நாட்டு நடிகர்கள் கட்டை கட்டி ஆடினாங்க. 2017 டிசம்பர்ல அது நியூயார்க் போச்சு.

இதுல எனக்குப் பிடிச்சது 'வெள்ளைக்காரங்களே நம்ம கலையை ஆடுறாங்க'ங்கிற பெருமை இல்ல. அந்தப் பெருமை ஒரு ஃபார்வர்டு மெசேஜோட முடிஞ்சிடும். எனக்குப் பிடிச்சது, ஊர்ல ஒரு பையனுக்கு வருஷக்கணக்குல போய்ச் சேர்ற விஷயத்தைச் சில மாசத்துல, மொழி தெரியாத தொழில்முறை நடிகர்களுக்குக் கொடுக்கணும்னா, அதுல எது சாரம், எது மேல் பூச்சுன்னு வாத்தியார் தனக்குள்ளயே பிரிச்சுப் பார்த்திருக்கணும். அதுவும் படைப்பு வேலைதான்.

பேர்ல இருக்கிற சண்டை

இங்க ஒரு விஷயம் சொல்லியாகணும், இல்லைன்னா யாராவது கமெண்ட்ல பிடிச்சிடுவாங்க. இந்தக் கலைக்கு 'தெருக்கூத்து'ங்கிற பேரை எல்லாரும் ஒத்துக்கல.

காஞ்சிபுரம் பக்கம் பெ. ராஜகோபால்னு இன்னொரு பெரிய கலைஞர். பெருங்கட்டூர்க் கூத்துக் குடும்பம். பத்து வயசுலேயே அப்பாவோட குழுவுல ஆட ஆரம்பிச்சு, அதனால பள்ளிக்கூடத்தை விட்டவர். 1990-ல சக கலைஞர்களோட சேர்ந்து கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கினார். அவரும் அவரோட மனைவி, நெதர்லாந்துல இருந்து வந்த ஆய்வாளர் ஹன்னே டி ப்ரூயினும் 'கட்டைக்கூத்து'ங்கிற பேரைத்தான் பயன்படுத்துறாங்க. தெருவுல ஆடுறதுன்னு சொன்னாலே ஒரு தாழ்வு வந்து ஒட்டிக்குது, அதோட வீதி நாடகம், பிரச்சார நாடகம் எல்லாத்தையும் தெருக்கூத்துன்னு சொல்லிக் குழப்புறாங்க, கட்டை கட்டி ஆடுற கலைஞனோட தொழிலுக்கு ஏத்த பேர் கட்டைக்கூத்துன்னு அவங்க வாதம். புரிசைக்காரங்க தெருக்கூத்துங்கிற பேரோடவே இருக்காங்க. அந்தப் பேர்லதான் உலகம் சுத்தினாங்க, பத்மஸ்ரீயும் வந்தது.

யார் சொல்றது சரின்னு நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனா 'கூத்தாடி'ங்கிற வார்த்தையை நாம இன்னைக்கும் திட்டுறதுக்குத்தான் பயன்படுத்துறோம். சினிமாக்காரங்க அரசியலுக்கு வந்தா முதல்ல வர்ற வசவு அதுதான். கூத்து ஆடுறதே தொழிலா இருக்கிற ஒருத்தரோட குழந்தை அந்த வார்த்தையை ஸ்கூல்ல கேட்டா எப்படி இருக்கும்னு யோசிங்க. பேர்ச் சண்டைக்குப் பின்னாடி அது இருக்கு.

ராஜகோபால் தன் பங்குக்கு ஒரு பள்ளிக்கூடமே நடத்தினார். 2002-ல இருந்து 2020 வரைக்கும், காஞ்சிபுரம் பக்கத்துல புஞ்சரசந்தாங்கல் கிராமத்துல. குழந்தைகள் அங்க தங்கிப் படிச்சாங்க, கூத்தும் கத்துக்கிட்டாங்க. கூத்துக்காகப் படிப்பை விடுறதுங்கிற அவரோட கதை அடுத்த தலைமுறைக்கு வேணாம்னு ஒரு ஏற்பாடு. அதுல பெண் குழந்தைகளையும் சேர்த்தாங்க. ஆம்பளைங்க மட்டும் ஆடின கலையில அது சின்ன விஷயம் இல்ல. அங்க படிச்ச திலகவதி இன்னைக்குப் பெண்களே ஆடுற ஒரு கட்டைக்கூத்துக் குழுவை நடத்துறார். ராத்திரி பூரா வெளியூர்ல ஆடிட்டு விடியற்காலை வேன்ல திரும்புற தொழில் இது. ஒரு பொண்ணு இதைத் தேர்ந்தெடுத்தா கல்யாணப் பேச்சுல என்ன கேள்வி வரும்னு உங்களுக்கே தெரியும். 'பாரம்பரியத்தைக் காப்பாத்தணும்'னு மேடையில பேசறது சுலபம். அந்தப் பாரம்பரியம் யாரை உள்ள விட்டதுங்கிற கேள்வியைத் திலகவதி மாதிரி பெண்கள் ஆடியே கேட்கிறாங்க.

பத்து மணிக்கு அப்புறம்

இப்ப நம்ம ஏரியாவுக்கு வருவோம். சென்னைக்கு மேற்கே இருக்கிற பழைய ஊர்கள்லயும் அம்மன் கோயில் இருக்கு, திருவிழா இருக்கு, தீமிதியும் சில இடத்துல இருக்கு. ஆனா ராத்திரி நிகழ்ச்சின்னா பெரும்பாலும் லைட் மியூசிக்தான். ஏன்?

ரசனை மாறிப் போச்சுன்னு உடனே சொல்லிடுவோம். அது ஒரு காரணம். ஆனா இன்னொரு காரணம் இருக்கு, அதை யாரும் பெருசா பேசறதில்ல. 2000-ஆம் வருஷம் மத்திய அரசு கொண்டு வந்த ஒலி மாசு கட்டுப்பாட்டு விதிகள். அதுல 'இரவு'ன்னா ராத்திரி 10 மணியில இருந்து காலை 6 மணி வரைக்கும். அந்த நேரத்துல திறந்தவெளியில ஒலிபெருக்கியோ இசைக்கருவியோ பயன்படுத்தக் கூடாது. திருவிழா மாதிரி நாட்களுக்கு மாநில அரசு விலக்குக் கொடுக்கலாம். வருஷத்துக்கு அதிகபட்சம் 15 நாள், அதுவும் 12 மணி வரைக்கும்தான்.

இப்பக் கூத்தோட டைமிங்கைப் பாருங்க. பத்துல இருந்து ஆறு. யாரோ அளந்து வெச்ச மாதிரி, சட்டம் அமைதியா இருன்னு சொல்ற எட்டு மணி நேரமும் கூத்து ஆடுற எட்டு மணி நேரமும் ஒண்ணு.

விதி தப்புன்னு நான் சொல்ல வரல. ஆவடியில ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் போறவருக்குத் தூக்கம் வேணும். ப்ளஸ் டூ படிக்கிற பொண்ணுக்கும், கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கும் வேணும். சட்டம் ஊருக்கும் நகரத்துக்கும் ஒண்ணுதான், ஆனா புகார் கொடுக்க ஆள் இருந்தாத்தான் அது வேலை செய்யும். கிராமத்துல கூத்து வெச்சா ஊரே களரியில உட்கார்ந்திருக்கு, எல்லாரும் வரி போட்டு, குழுவுக்கு வெத்தலை பாக்கு அட்வான்ஸ் கொடுத்து வரவழைச்ச கூத்து. அங்க யார் போலீஸுக்கு ஃபோன் பண்ணுவா? நம்ம ஏரியாவுல கோயில் பழைய ஊர்க்காரங்களோடது, பக்கத்து அப்பார்ட்மென்ட் நேத்து வந்தவங்களோடது. ரெண்டு பேர் மேலயும் தப்பு இல்ல. ஒருத்தரோட திருவிழா இன்னொருத்தருக்கு வெறும் சத்தம்.

அதனால என்ன ஆகுதுன்னா, நகரத்துக்கு வர்ற கூத்து பத்து மணிக்குள்ள முடிஞ்சாகணும். ஒண்ணு ரெண்டு மணி நேரம். சுருக்கத் தெரிஞ்சவர் சம்பந்தன், அதை அழகாச் செய்வார். பிரச்சினை அவருக்கு இல்ல, அவருக்கு அடுத்து வர்றவங்களுக்கு. சுருக்கினதை மட்டுமே பார்த்து, சுருக்கினதை மட்டுமே கத்துக்கிட்ட ஒரு இளைஞனுக்கு, ரெண்டு மணிக்குத் தூங்கி விழுற கூட்டத்தை எழுப்புறது எப்படித் தெரியும்? அதைச் சொல்லிக் கொடுக்க அந்த ரெண்டு மணிதான் வேணும். வருமானக் கணக்கும் இதோட சேர்ந்ததுதான். ஒரு குழுவுக்குச் சோறு போடுறது மாசி, பங்குனியில ஆரம்பிச்சு ஆடி வரைக்கும் ஊர் ஊரா ஆடுற ராத்திரிகள்தான். விருதும் சபா நிகழ்ச்சியும் எப்பவோ வர்றது. பத்து, பதினஞ்சு பேர் இருக்கிற குழு அதை நம்பிப் பொழைக்க முடியாது.

அதுக்காக 'ஐயோ அழிஞ்சு போகுதே'ன்னு ஒப்பாரி வைக்க வேண்டாம். செய்யாறு, காஞ்சிபுரம், வந்தவாசிப் பக்கம் சீசன்ல இன்னைக்கும் கூத்து நடக்குது. நாம பார்க்கலைங்கிறதுக்காக அது இல்லாமப் போயிடல. புரிசையில கண்ணப்பத் தம்பிரான் நினைவா வருஷா வருஷம் கூத்து விழா நடக்குது, வெளியூர்க் குழுக்கள், நவீன நாடகக்காரங்க எல்லாம் வர்றாங்க. ஒரு பயிற்சிப் பள்ளியும் அங்க நடத்துறாங்க. மஞ்சள் விளக்கு வெளிச்சத்துல, மண்ணுல பாய் விரிச்சு உட்கார்ந்து பார்க்கலாம். டிக்கெட் கிடையாது.

போறதா இருந்தா ரெண்டு மூணு விஷயம். போர்வை எடுத்துக்கோங்க, விடியற்காலை பனி இறங்கும். கட்டியக்காரன் கண்ணுல படுற மாதிரி முதல் வரிசையில உட்கார்ந்தா உங்களையும் வம்புக்கு இழுப்பான், கோவிச்சுக்காதீங்க. நடுவுல தூக்கம் வந்தா தூங்குங்க, ஊர்க்காரங்களும் அப்படித்தான், கிருஷ்ணன் வரும்போது பக்கத்துல இருக்கிற பாட்டி தட்டி எழுப்பிடுவாங்க. ஃபோன்ல ரெக்கார்ட் பண்றவங்க ஃபிளாஷை அணைச்சிடுங்க. பதினொரு மணிக்கு 'பார்த்தாச்சு, கிளம்பலாம்'னு மட்டும் எழுந்துடாதீங்க. அப்ப துரியோதனன் இன்னும் திரைக்குப் பின்னாடிதான் இருப்பார்.